கட்டி முடித்த வீட்டுக்குக் கம்பி எதற்கு?

2024 ஏப்ரலில், பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட உலக எஃகுச் சங்கம் அந்த ஆண்டுக்கான கணிப்பை வெளியிட்டது. உலகின் எஃகுத் தேவை 1.7 விழுக்காடு கூடி 179.3 கோடி டன்னாகும் என்றது. அக்டோபரில் அதே சங்கம் அதே ஆண்டைப் பற்றி இன்னொரு கணக்கைக் கொடுத்தது: தேவை 0.9 விழுக்காடு குறைந்து 175.1 கோடி டன்னில் நிற்கும். ஆறே மாதத்தில் கூட்டல் குறி கழித்தல் குறியாகிவிட்டது. இடையில் கரைந்துபோன 4.2 கோடி டன், ஜெர்மனியின் உலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் வார்ப்பதைவிட அதிகம். சங்கத்தின் கணக்கர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உலக உற்பத்தியில் பெரும்பகுதியைச் செய்யும் ஆலைகள் அதன் உறுப்பினர்கள். அவர்களுக்குத் தெரியாத புள்ளிவிவரம் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எஃகுத் தேவையைக் கணித்தவர்களின் வரலாற்றைப் புரட்டினால், தகவல் போதாமல் தவறியவர்கள் குறைவு என்பது தெரியும். எஃகு எப்படிப்பட்ட பொருள் என்பதை மறந்ததால் தவறியவர்களே அதிகம். இனி வரும் ஆண்டுகளில் உலகம் எவ்வளவு எஃகு கேட்கும் என்று பேசுவதற்கு முன் அந்தப் பழைய தவறுகளைப் பார்த்துவிடுவது நல்லது.

சோற்றுக்கும் பானைக்கும் உள்ள வேறுபாடுதான் அடிப்படை. அரிசி தின்று தீர்கிற பொருள். நாளைக்கும் அதே அளவு வேண்டும், ஆள் கூடினால் கூடுதலாக வேண்டும். பானை அப்படியில்லை. ஒரு முறை வாங்கினால் அது வீட்டிலேயே இருக்கிறது. எஃகு பானை வகையைச் சேர்ந்தது. பாலத்தில் போட்ட கம்பி ஐம்பது, அறுபது ஆண்டுகள் பாலத்திலேயே கிடக்கும்; கட்டடத்தில் போட்டது அதற்கும் மேல்; காரில் போனது பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு காயலான் கடைக்கு வரும். ஆகவே ஒரு நாடு ஓராண்டில் வாங்கும் எஃகு அந்த நாட்டின் செல்வத்தைக் காட்டுவதில்லை. அந்தச் செல்வம் எவ்வளவு வேகமாகக் கட்டடங்களாகவும் தண்டவாளங்களாகவும் எந்திரங்களாகவும் மாறிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. பணக்கார நாடுகளில் தலைக்கு ஏறத்தாழ 10 முதல் 15 டன் எஃகு பயன்பாட்டில் நிற்கிறது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்த அளவை நெருங்கிய நாடு பிறகு தேய்ந்ததை மாற்றுவதற்கு மட்டுமே வாங்குகிறது. வீட்டைக் கட்டிப்பார் என்றார்கள் நம் பெரியவர்கள். கட்டுகிற இரண்டு வருடச் செலவை வைத்து ஒரு குடும்பத்தின் ஆயுள் முழுக்க உள்ள செலவைக் கணக்கிட்டால் என்ன ஆகுமோ, அதுதான் எஃகுக் கணிப்பில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

இந்த இயல்பு முதலில் தண்டவாளத்தில் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் டார்பி ரயில் நிலையத்தில் போக்குவரத்து மிகுந்த ஓரிடத்தில் இரும்புத் தண்டவாளத்தைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. 1857இல் அங்கே ஒரு எஃகுத் தண்டவாளத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அது அங்கேயே கிடந்தது. எஃகின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் விற்பவனின் கண்ணால் பார்த்தால் இது கெட்ட செய்தி. நன்றாக உழைக்கும் பொருளுக்கு மறு விற்பனை கிடையாது. அமெரிக்காவில் 1887ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. அந்த நாட்டு ஆலைகள் தண்டவாளத்தாலேயே வளர்ந்தவை. அதே வேகம் நீடிக்கும் என்று நம்பியவர்கள் நொடித்தார்கள்; ஆண்ட்ரூ கார்னகி நம்பவில்லை. தண்டவாளம் உருட்டுவதற்காகத் தொடங்கப்பட்ட ஹோம்ஸ்டெட் ஆலையை அவர் 1883இல் வாங்கி, கட்டடங்களுக்கான உத்தரம் செய்ய மாற்றினார். தண்டவாளம் ஓய்ந்தபோது உயர்மாடிக் கட்டடம் வந்தது, அது ஓய்வதற்குள் கார் வந்தது. எஃகுக்கு எப்போதும் புதிய வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை அங்கிருந்து பிறந்ததுதான். கட்டிக்கொண்டிருக்கும் நாட்டில் அது உண்மை. கட்டி முடித்த நாட்டிலும் உண்மையா என்பதைச் சோதிக்கும் காலம் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த இருபத்தைந்து ஆண்டுகள் அந்த நம்பிக்கையைச் சட்டமாகவே ஆக்கிவிட்டன. 1950இல் உலகம் 18.9 கோடி டன் கச்சா எஃகு செய்தது, 1974இல் 70.4 கோடி டன். சராசரியாக ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காடு வளர்ச்சி, கால் நூற்றாண்டுக்கு. ஜப்பான் 1950இல் ஐம்பது லட்சம் டன்னைக்கூடத் தொடவில்லை, 1973இல் 11.9 கோடி டன் செய்தது. குண்டுவீச்சில் தரைமட்டமான நகரங்கள் எழுந்தன, நெடுஞ்சாலைகள் போடப்பட்டன, வீட்டுக்கு வீடு குளிர்பெட்டியும் காரும் வந்தன. இந்த வரிசையை அளவுகோல் வைத்து நீட்டுவதுதான் அன்றைய கணிப்பாளர்களின் வேலையாக இருந்தது. இன்றைய சங்கத்தின் முன்னோடியான பன்னாட்டு இரும்பு எஃகு நிறுவனம் 1967இல் தொடங்கப்பட்டது. 1972இல் அது வெளியிட்ட ஆய்வு, 1985இல் உலகத் தேவை நூறு கோடி டன்னைத் தாண்டிவிடும் என்றது. 1985 வந்தது; உற்பத்தி 72 கோடி டன்னைக்கூட முழுதாக எட்டவில்லை. ஐந்தரை விழுக்காட்டுக் கோட்டை நாமே 2000 வரை நீட்டிப் பார்த்தால் 280 கோடி டன்னுக்கு மேல் வருகிறது. உண்மையில் அந்த ஆண்டு உலகம் செய்தது 85 கோடி டன். அதற்குள் மக்கள்தொகை 400 கோடியிலிருந்து 600 கோடியாகிவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், 1974இல் 175 கிலோவாக இருந்த எஃகு 2000இல் 140 கிலோவாகக் குறைந்திருந்தது.

காகிதத்தில் தவறிய கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். ஊதுலையைத் திருத்த முடியாது, அதுதான் சிக்கல். பிரிட்டன் 1967இல் பதினான்கு பெரிய நிறுவனங்களை ஒன்றாக்கி அரசுடைமை ஆக்கியது. 1973 பிப்ரவரியில் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை, பத்தாண்டுகளில் 300 கோடி பவுண்டு செலவிட்டு அந்த நிறுவனத்தின் திறனை 1980களின் முற்பாதிக்குள் 3.6 முதல் 3.8 கோடி டன்னாக உயர்த்தத் திட்டமிட்டது. பிரிட்டனின் எஃகு உற்பத்தி தன் உச்சத்தை 1970இலேயே, 2.8 கோடி டன்னில், தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. இது அறிக்கை எழுதியவர்களுக்குத் தெரியாமலில்லை. ஒரு தற்காலிகச் சரிவாக எடுத்துக்கொண்டார்கள். 1985இல் நாட்டின் மொத்த உற்பத்தி 1.6 கோடி டன்னுக்கும் கீழே. 1979-80இல் மட்டும் நிறுவனம் 178 கோடி பவுண்டு இழந்தது. செந்தூசி படிந்த கான்செட் நகரத்தின் ஆலை 1980இல் மூடப்பட்டது. கார்பியிலும் ஷாட்டனிலும் உருக்கும் வேலை அதே ஆண்டில் நின்றது. அரசுடைமையானபோது இரண்டரை லட்சத்துக்கும் மேலிருந்த தொழிலாளர் எண்ணிக்கை, 1988இல் தனியாருக்கு விற்கப்பட்டபோது ஐம்பதாயிரத்துச் சொச்சமாகியிருந்தது. அந்தப் பெருந்திட்டத்தின் குழந்தையான ரெட்கார் ஊதுலை, உலகம் எஃகு வேண்டாம் என்று முகம் திருப்பிய பிறகு 1979இல் தீமூட்டப்பட்டது. 2015இல் அணைந்தது, 2022இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். திட்டமிட்டவர்களின் நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் திட்டமிட்டவர்கள் அல்லர் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இத்தாலியின் கதை இன்னும் விசித்திரமானது. 1970இல் தென்கோடியில் உள்ள ரெஜ்ஜோ கலாப்ரியாவில் பெரிய கலவரம் வெடித்தது. மாநிலத் தலைநகர் தங்கள் ஊருக்கு வரவில்லை என்ற கோபம் அது. அமைதிப்படுத்த அரசு கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று, அருகிலுள்ள ஜோயா தவுரோவில் நாட்டின் ஐந்தாவது பெரிய எஃகு ஆலை. தோப்புகளை அழித்து நிலம் எடுத்தார்கள். தாதுக் கப்பல் வருவதற்கென்று ஆழமான துறைமுகத்தைத் தோண்டினார்கள். ஆலை மட்டும் வரவில்லை. ஐரோப்பாவில் எஃகு அவ்வளவு மிஞ்சிக் கிடந்தது. 1980 அக்டோபரில் ஐரோப்பியச் சமூகம் இதை வெளிப்படையான நெருக்கடி என்று அறிவித்து, ஒவ்வொரு ஆலையும் இவ்வளவுதான் செய்யலாம் என்று பங்கு பிரித்தது. துறைமுகம் ஆளில்லாமல் கிடந்தது. 1995இல் அங்கே கன்டெய்னர்கள் வந்து இறங்கின. இன்று மத்தியத் தரைக்கடலின் பெரிய கன்டெய்னர் துறைமுகங்களில் அது ஒன்று. தவறான கணிப்பிலிருந்தும் சில சமயம் ஏதாவது முளைக்கும். அதைக் கணித்தவரும் யாருமில்லை.

எழுபதுகளின் சரிவுக்கு 1973இன் எண்ணெய் விலை உயர்வே காரணம், கணிப்பின் அடிப்படை சரிதான் என்று வாதிடுவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை எளிதில் சோதிக்கலாம். 1986இல் எண்ணெய் விலை சரிந்து விழுந்தது. பணக்கார நாடுகளின் பொருளாதாரம் நன்றாகவே வளர்ந்தது. எஃகு திரும்பி வரவில்லை. அமெரிக்கா 1973இல் ஏறத்தாழ 13.7 கோடி டன் செய்தது. அதன் பிறகு எந்த ஆண்டிலும் அந்த உயரத்தைத் தொடவில்லை. ஜப்பான் தன் 1973ஆம் ஆண்டின் அளவை 2007இல்தான், அதுவும் மயிரிழையில், தாண்டியது. 2024இல் அது 8.4 கோடி டன்னுக்கு இறங்கிவிட்டது. எண்ணெய் அதிர்ச்சி செய்தது, எப்படியும் வரவேண்டிய ஒன்றைச் சில ஆண்டுகள் முன்னால் இழுத்து வந்தது மட்டுமே. இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும்: எஃகின் தரம் உயர உயர, குறைவாகவே போதுமானது. மெல்லிய, வலுவான தகடு வந்ததும் காரின் எடை குறைந்தது. பான டப்பா அலுமினியத்துக்குப் போனது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். தமிழில் "தேவை" என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பசித்தவனுக்குச் சோறு தேவை. கையில் பணத்தோடு கடைக்கு வருபவனின் கேட்பும் சந்தை மொழியில் தேவைதான். பணக்கார நாடுகளின் கணிப்பாளர்கள் கட்டும் காலத்தை வாழும் காலமாக எண்ணித் தவறினார்கள் என்றால், நம் நாட்டில் தவறு இந்த இரண்டு தேவைகளையும் ஒன்றாக எண்ணியதில் நடந்தது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆகிய மூன்றும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் எழுந்தன. பிறகு ஒவ்வொரு மாநிலமும் தனக்கொரு ஆலை கேட்டது. ஆந்திரத்தில் 1966இல் விசாகப்பட்டினத்துக்காகப் பெரும் கிளர்ச்சி நடந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் அண்ணாவின் அரசு, சேலம் உருக்காலைக்காகவும் சேது திட்டத்துக்காகவும் எழுச்சி நாள் கொண்டாடியது. 1970இல் இந்திரா காந்தி சேலம், விசாகப்பட்டினம், விஜயநகர் மூன்றையும் ஒரே மூச்சில் அறிவித்தார். சேலத்தில் அதே ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. கஞ்சமலையின் தாதுவை உருக்கும் ஆலையாக மக்கள் கனவு கண்டது, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வெளியிலிருந்து வரும் எஃகைத் தகடாக உருட்டும் 32,000 டன் எவர்சில்வர் ஆலையாகத் திறக்கப்பட்டது. உருக்காலை என்ற பெயருடைய அந்த ஆலையில் சொந்தமாக உருக்கும் வசதி 2010ஆம் ஆண்டுவாக்கில்தான் வந்தது. விசாகப்பட்டினத்துக்கு 1971இல் கல் நட்டு 1992இல் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். விஜயநகரில் அரசு நட்ட கல் கல்லாகவே இருந்தது. தொண்ணூறுகளில் ஜிந்தால் குழுமம் அந்த வட்டாரத்தில் கட்டிய தனியார் ஆலை இன்று நாட்டின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று. மூன்று இடத்திலும் மக்களின் ஆசை பொய்யில்லை, நாட்டின் பசியும் பொய்யில்லை. வாங்கும் சக்தியும் முதலீடும் அந்தப் பசியோடு சேர்ந்து வரவில்லை, அவ்வளவுதான்.

உலக அளவில் அடுத்த தவறு எதிர்த்திசையில் நடந்தது, அதுவே பெரிய தவறும்கூட. இருபதாண்டு தேக்கத்துக்குப் பிறகு, எஃகு முடிந்துபோன தொழில் என்ற எண்ணம் மேற்கில் நிலைத்துவிட்டது. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க எஃகு நிறுவனங்கள் திவாலாயின. அவற்றில் பெத்லஹேமும் ஒன்று. ஜெர்மனியின் டோர்ட்மன்டில் தைசன்க்ரூப் தன் ஹோர்டே ஆலையை 2001இல் நிறுத்திவிட்டு, சீனாவின் ஷாகாங் குழுமத்துக்கு விற்றது. சீனத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்து தங்கி, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டுக் கழற்றி, கப்பலேற்றி, யாங்சி நதிக்கரையில் மறுபடி பொருத்தினார்கள். பழைய இரும்பு விலைக்குக் கொடுத்ததாக எண்ணியிருந்தவர்கள், ஓரிரு ஆண்டுகளில் எஃகின் விலை எகிறியதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. 2004இல் பழைய இரும்புக்கு வந்த மவுசில் சிகாகோவில்கூடத் தெருக்களில் பாதாளச் சாக்கடை மூடிகள் திருடுபோயின. ஹோர்டே ஆலை நின்ற இடத்தில் இன்று ஒரு செயற்கை ஏரி இருக்கிறது, கரையில் விலை உயர்ந்த வீடுகள்.

சீனாவைக் கணிப்பாளர்கள் ஏன் தவறவிட்டார்கள்? 1996இலேயே அந்நாடு பத்துக் கோடி டன்னைத் தாண்டி உலகின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. யாரும் கவனிக்காமல் நடந்த ஒன்றல்ல. 1958இல் மாவோ, உற்பத்தியை ஓராண்டில் 53.5 லட்சம் டன்னிலிருந்து 107 லட்சமாக இரட்டிப்பாக்க ஆணையிட்டு, கிராமத்துக் கொல்லைகளில் மண் உலை வைத்து, அண்டா குண்டாக்களைக்கூட உருக்கவைத்த அவலம் நினைவில் இருந்ததால், சீனப் புள்ளிவிவரம் என்றாலே சந்தேகம் இருந்தது. மேற்கின் தேக்கத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, கட்டத் தொடங்கும் ஒரு நாடு எப்படியிருக்கும் என்பதும் மறந்துபோயிருந்தது. எண்பதுகளில் தேங்கிய கோட்டை நீட்டியதும் எழுபதுகளில் ஏறிய கோட்டை நீட்டியதும் ஒரே வகைப் பிழைதான். 2000இல் 12.8 கோடி டன் செய்த சீனா, 2008 நவம்பரில் நான்கு லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தை அறிவித்தபோது 51 கோடி டன்னில் இருந்தது, 2013இல் 82 கோடி, 2020இல் 106.5 கோடி. உலகம் செய்த எஃகில் பாதிக்கும் மேல்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லாக் கணிப்பும் தவறியது என்று சொல்ல முடியுமா? பிஎச்பி போன்ற சுரங்க நிறுவனங்கள் 2010களின் தொடக்கத்திலேயே, சீனாவின் உற்பத்தி 2020களின் நடுவில் 100 முதல் 110 கோடி டன்னில் உச்சம் தொடும் என்றன. கேலி செய்தவர்கள் பலர். உச்சம் ஏறத்தாழ அதே உயரத்தில், சற்று முன்னதாகவே வந்தது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய எஃகுக் கொள்கை, 2019-20இல் 11 கோடி டன் உற்பத்தி என்று குறித்தது. அந்த ஆண்டு கச்சா எஃகு உற்பத்தி 10.9 கோடி டன். கைதட்டத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கணிப்புகள் ஏன் பலித்தன என்று பார்த்தால் என் வாதம் வலுப்பெறுகிறதே தவிரத் தளரவில்லை. சுரங்கக்காரர்கள் அமெரிக்காவும் ஜப்பானும் எந்தக் கட்டத்தில் நிறைந்தன என்பதை அளந்து, சீனாவுக்கும் அந்த நிறைவு வரும் என்று கணக்கிட்டார்கள்; பானையின் கணக்கு அது. நம் 2005ஆம் ஆண்டுக் கொள்கை எழுதப்பட்டபோது சீன மயக்கம் முழுதாகப் பிடிக்கவில்லை. அந்த மயக்கத்தில் மாநில அரசுகள் போட்ட ஒப்பந்தங்களைக் கூட்டினால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. அவற்றில் பெரிய ஒன்று, 2005இல் ஒடிசாவில் தென்கொரியாவின் போஸ்கோ கையெழுத்திட்ட 1.2 கோடி டன் ஆலை. நிலத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் வெற்றிலைக் கொடிக்கால் விவசாயிகளோடு போராடிவிட்டு, 2017இல் அது விலகிக்கொண்டது.

இன்றைய நிலைமையை இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் பார்த்தால் குழப்பம் குறைகிறது. சீனா தன் வீட்டைப் பெரும்பாலும் கட்டி முடித்துவிட்டது. சொல்லப்போனால் தேவைக்கு மேலும் கட்டிவிட்டது. 2019இல் அங்கே புதிதாகத் தொடங்கப்பட்ட கட்டடப் பரப்பு 227 கோடி சதுர மீட்டர். 2024இல் அதில் மூன்றில் ஒரு பங்குதான். உள்ளூரில் போகாத எஃகு வெளியே வழிகிறது: அந்த ஆண்டு சீனா 11 கோடி டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது, 2015க்குப் பிறகு அதுவரை அதுவே மிக அதிகம். 2024இல் உலகில் தேவைக்கு மேல் நின்ற உலைத் திறன் ஏறத்தாழ 60 கோடி டன் என்று பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு கணக்கிட்டது. நாட்டுக்கு நாடு இறக்குமதி வரி உயர்வதும், வேல்ஸின் போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலை 2024 செப்டம்பரில் அணைந்ததும் இதன் விளைவுகள். மறுபக்கம் இந்தியா 2024இல் ஏறத்தாழ 15 கோடி டன் செய்தது, எட்டு விழுக்காடு அளவில் வளர்கிறது. எட்டு விழுக்காடு என்றால் 1.2 கோடி டன். சீனா ஒரே ஒரு விழுக்காடு குறைந்தால் ஒரு கோடி டன் போயிற்று. இந்தியாவின் எட்டும் சீனாவின் ஒன்றும் ஏறக்குறைய ஒரே எடை என்ற இந்த எளிய கணக்கை மறந்துவிட்டுத்தான் பல அறிக்கைகள் எழுதப்படுகின்றன. உலக உற்பத்தி 2019இலிருந்து 2024 வரை 185 முதல் 196 கோடி டன்னுக்குள் சுற்றிவருகிறது. இன்னும் பத்தாண்டுக்கு அது இந்த வட்டாரத்தை விட்டு வெகுதூரம் போகும் என்பதற்கு நான் காரணம் காணவில்லை.

இந்தியா அடுத்த சீனா ஆகாதா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பசி உண்மையானது: ஓராண்டில் தலைக்கு ஏறத்தாழ 100 கிலோ வாங்கும் நாடு இது, உலக சராசரி அதைப்போல இரண்டு மடங்கு. பயன்பாட்டில் நிற்கும் எஃகோ தலைக்கு இரண்டு டன்னைக்கூட எட்டவில்லை. 2017ஆம் ஆண்டுக் கொள்கை 2030-31இல் 30 கோடி டன் திறனும் தலைக்கு 160 கிலோவும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நாம் ஏறுவோம், ஐயமில்லை. ஆனால் சீனா ஏறிய வேகம் ஒரு விசேஷ ஏற்பாட்டின் விளைவு. நிலம் அரசின் கையில் இருந்தது, உள்ளாட்சிகள் அதைக் குத்தகைக்கு விட்டே வருமானம் ஈட்டின, மக்களின் சேமிப்பு வங்கி வழியாகக் கான்கிரீட்டில் கொட்டப்பட்டது, பொருள் உலகச் சந்தைக்குப் போனது. இந்தியாவில் நிலம் எடுப்பது எப்படி என்பதற்கு ஒடிசாவின் கொடிக்கால்களே சாட்சி. நம் வளர்ச்சியில் பெரும்பங்கு சேவைத் துறையிலிருந்து வருகிறது. மென்பொருளுக்குத் தண்டவாளம் வேண்டாம். முப்பதாண்டில் சீனா செய்ததை நாம் ஐம்பது, அறுபது ஆண்டில் செய்யக்கூடும். ஆப்பிரிக்காவில் பசி இன்னும் பெரிது, 140 கோடிக்கு மேல் மக்கள், தலைக்கு முப்பது கிலோவுக்கும் குறைவு. அங்கே அரசுகள் கடன் வட்டிக்கே திணறுகின்றன. காற்றாலையும் மின்கோபுரமும் எஃகைக் கூடுதலாகக் கேட்கும் என்பது சரிதான். ஆனால் உலக எஃகில் பாதிக்கு மேல் கட்டடத்துக்கும் உள்கட்டமைப்புக்கும் போகிறது, சீனாவின் ஷென்யாங்கிலும் வூஹானிலும் கட்டாமல் நின்றுபோன குடியிருப்புகளின் கணக்கைக் காற்றாலைகளால் ஈடுகட்ட முடியாது.

தேவை குறையாமல் நின்றாலும் அதை நிறைவேற்றும் வழி மாறுகிறது. கணிப்புகளில் இதுவே குறைவாகப் பேசப்படுகிறது. கட்டி முடித்த நாடு ஒரு தலைமுறைக்குப் பிறகு சுரங்கமாக மாறுகிறது. அமெரிக்காவில் இன்று செய்யப்படும் எஃகில் ஏறத்தாழ 70 விழுக்காடு மின்வில் உலைகளில், பெரும்பாலும் பழைய இரும்பிலிருந்து வருகிறது. சீனாவில் இந்தப் பங்கு பத்து விழுக்காடு அளவில்தான், ஏனென்றால் அவர்களின் எஃகு இன்னும் இளமையாக இருக்கிறது, கட்டடங்களுக்குள் நிற்கிறது. 2000களில் போட்ட கம்பியும் தகடும் 2030களிலும் 2040களிலும் காயலான் கடைக்கு வரத் தொடங்கும்போது, தாதுவுக்கும் கோக் கரிக்கும் என்ன வேலை? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவந்த தள்ளுவண்டிக்காரர் ஒரு பெரிய பொருளாதார உண்மையைத் தெருவில் கூவிக்கொண்டு போனார் என்று தோன்றுகிறது.

ஆனாலும் சுரங்கக்காரர்கள் கடையைக் கட்டிவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் கினியா நாட்டின் சிமண்டு மலைத்தொடர், தொடப்படாமல் கிடந்த இரும்புத் தாதுப் படிவங்களில் உலகிலேயே தரமும் அளவும் மிக்கது. ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் அங்கே 1997இல் ஆய்வு உரிமம் பெற்றது. ஆட்சிக் கவிழ்ப்புகள், உரிமப் பறிப்புகள், ஊழல் வழக்குகள் எல்லாம் கடந்து, சீன நிறுவனங்களும் பங்கேற்று, காடும் ஆறும் கடந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயில் பாதையும் ஆழ்கடல் துறைமுகமும் கட்டப்பட்டன. 2025 நவம்பரில் திறப்பு விழா நடந்தது. முழுத் திறனில் ஆண்டுக்கு 12 கோடி டன் தாது வர வேண்டும். அதை வாங்குவதாக நம்பப்படும் நாடு, தன் உச்ச உற்பத்தியைத் தொட்டு அப்போதே ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.